திறந்த இதய அறுவை சிகிச்சைக்குப் பின்: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

கேள்வி: என் கணவருக்கு 58 வயது. பைபாஸ் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பி மூன்று வாரங்கள் ஆகின்றன. இருமினால் நெஞ்சு பிளந்துவிடும் என்று அஞ்சிப் படுத்தே கிடக்கிறார். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார். சில வேளைகளில் காரணமின்றிக் கண்கலங்குகிறார். எப்போது பழைய நிலைக்குத் திரும்புவார்?

பதில்: இந்த அறுவை சிகிச்சையில் மார்பெலும்பை நெடுக்காக அறுத்துத் திறந்து, வேலை முடிந்ததும் எஃகுக் கம்பிகளால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். வெளிக்காயம் சில வாரங்களில் ஆறிவிட்டாலும், உள்ளே எலும்பு ஒன்றுசேர 6 முதல் 8 வாரங்களும், முழு உறுதி பெற ஏறக்குறைய 12 வாரங்களும் தேவைப்படும். அதுவரை கனமான பொருளைத் தூக்குவதும், கதவை வலிந்து தள்ளுவதும், கைகளை ஊன்றி எழுவதும் கூடாது. படுக்கையிலிருந்து எழும்போது முதலில் பக்கவாட்டில் திரும்பி, கால்களைக் கீழே தொங்கவிட்டு, அதன் பிறகு நிமிரட்டும். இருமலை அவர் அடக்கக் கூடாது. சளி தேங்கினால் நுரையீரலில் தொற்று ஏற்படும். ஒரு சிறிய தலையணையை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமினால் வலியும் குறையும், பயமும் குறையும்.

படுத்தே இருப்பதுதான் எனக்குக் கவலையளிக்கிறது. வீட்டுக்குள்ளேயே சில நிமிட நடையில் தொடங்கி, மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே நடக்க முடிகிற அளவுக்கு நாள்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். காலையில் எழுந்ததும் எடையைக் குறித்து வையுங்கள். ஓரிரு நாட்களில் ஒரு கிலோவுக்கு மேல் கூடினால் உடலில் நீர் தேங்குகிறது என்று பொருள் கொள்ளலாம். காய்ச்சல், காயத்தில் சிவப்பு அல்லது கசிவு, திரும்பும்போது மார்பெலும்பில் ‘கடக்’ என்ற ஓசை, நெஞ்சு படபடப்பு ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அன்றைக்கே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

எரிச்சலும் கண்ணீரும் அவருடைய மன பலவீனம் அல்ல. பெரிய அறுவை சிகிச்சைக்குப் பின் பலருக்கும் தூக்கம் கெடுகிறது, மறதி வருகிறது, மனம் சோர்ந்துபோகிறது. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் இது தானாகவே தணியும். இரண்டு வாரங்களுக்கு மேல் எதிலும் நாட்டமின்றி இருந்தால் அதையும் ஒரு நோய்க்குறியாகவே கருதி மருத்துவரிடம் சொல்லுங்கள். மனச்சோர்வு இதயம் தேறுவதையும் தாமதப்படுத்தும் என்பதால், தயவுசெய்து இதை மறைக்காதீர்கள்.

கேள்வி: அடைப்புகளைத்தான் சரிசெய்தாகிவிட்டதே, இன்னும் எதற்கு இத்தனை மாத்திரைகள்?

பதில்: அடைப்புகள் நீக்கப்படவில்லை, அவற்றைச் சுற்றிக்கொண்டு ரத்தம் செல்ல மாற்றுப் பாதை போடப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். 1967இல் ரெனே ஃபவலோரோ என்ற அறுவை மருத்துவர் காலிலிருந்து எடுத்த சிரையைக் கொண்டு இச்சிகிச்சையை நிலைநிறுத்தினார். இன்றும் அச்சிரைகள் பயன்படுகின்றன. ஆனால் 10 ஆண்டுகளில் அவற்றில் ஏறக்குறையப் பாதி அடைபட்டோ சுருங்கியோ போகின்றன. மார்பின் உட்புறத் தமனியைக் கொண்டு போடப்படும் பாதை அதைவிட நெடுங்காலம் உழைக்கும். ரத்தக்குழாயில் கொழுப்பைப் படியவைத்த அதே காரணங்கள் புதிய பாதையையும் தாக்கும் என்பதால் ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினும் பொதுவாக வாழ்நாள் முழுவதும் தொடரும். பல் பிடுங்குவதற்காகக்கூட உங்கள் மருத்துவரைக் கேட்காமல் அவற்றை நிறுத்த வேண்டாம். புகைப்பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். இதற்கு ஈடான மருந்து வேறில்லை.

கேள்வி: என் தந்தைக்கு 52 வயதில் பைபாஸ் நடந்தது. எனக்கு 34 வயது, எந்தத் தொந்தரவும் இல்லை. நான் பரிசோதித்துக்கொள்ள வேண்டுமா?

பதில்: அவசியம் வேண்டும். தந்தை அல்லது சகோதரருக்கு 55 வயதுக்கு முன்போ, தாய் அல்லது சகோதரிக்கு 65 வயதுக்கு முன்போ இதயநோய் வந்திருந்தால் உங்களுக்கும் அபாயம் கூடுகிறது. ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஈசிஜி சரியாக இருப்பதாலேயே ரத்தக்குழாயில் அடைப்பில்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள். ஓய்வில் எடுக்கும் ஈசிஜி அடைப்பைக் காட்டாமலும் போகலாம்.

சகோதரிகள் இருந்தால் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் மாரடைப்பு சில வேளைகளில் நெஞ்சுவலியே இல்லாமல் மூச்சுத்திணறலாகவும், குமட்டலாகவும், தாடை அல்லது முதுகு வலியாகவும் வரும். வாயுத்தொல்லை என்று எண்ணி இரவெல்லாம் காத்திருந்து, இதயத்தசை பெருமளவு கெட்ட பிறகு வருபவர்களைக் காணும்போது மனம் மிகவும் வேதனைப்படுகிறது. இத்தகைய தொந்தரவு திடீரென்று தோன்றிச் சில நிமிடங்களில் அடங்காவிட்டால், வியர்த்துக் கொட்டினால், தாமே வண்டியோட்டிச் செல்லாமல் உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும் என்பதை வீட்டிலுள்ள அனைவருக்கும் சொல்லி வையுங்கள்.