சுவருக்கு ஒரு வழக்கு, நஷ்டத்துக்கு ஒரு வழக்கா?

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரர் என் மனைக்குள் இரண்டடி வந்து சுவர் எழுப்பிவிட்டார். அந்த வேலையில் என் பழைய சுற்றுச்சுவரும் இடிந்தது. புரோநோட் எழுதி என்னிடம் வாங்கிய கைமாற்றையும் அவர் தரவில்லை. வக்கீல் வைக்க வசதியில்லை. நானே வழக்குப் போடலாமா? முதலில் இடத்தை மட்டும் கேட்டுவிட்டு மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளட்டுமா?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: சகோதரி, தாராளமாக நீங்களே போடலாம், நீங்களே வாதாடலாம். எனக்குக் கவலை உங்கள் கடைசிக் கேள்வியில்தான். மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்ற எண்ணத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

உரிமையியல் நடைமுறைச் சட்டம், 1908-இன் கட்டளை 2, விதி 2 இதில் மிகக் கறாரானது. ஒரே வழக்குமூலத்தில், அதாவது வழக்குக்குக் காரணமான ஒரே சம்பவத்தில், கேட்க வேண்டியதையெல்லாம் ஒரே வழக்கில் கேட்டுவிட வேண்டும். கோர்ட் அனுமதி வாங்காமல் ஒன்றை விட்டுவிட்டால், அதற்காக இன்னொரு வழக்குப் போட முடியாது. இடத்தை மட்டும் கேட்டு ஜெயித்துவிட்டு, இடிந்த சுவரின் செலவுக்கு அப்புறம் போய் நின்றால், பிரதிவாதி இந்த விதியைத்தான் நீட்டுவார்.

அதனால் கோர்ட்டில் தாக்கல் செய்யும் வழக்குரையின் கடைசியில் பரிகாரங்களை ஒவ்வொன்றாக எழுதுங்கள்: அந்த இரண்டடி உங்களுடையது என்ற விளம்புகை (கோர்ட்டின் அறிவிப்பு), அதன் சுவாதீனம் (இடத்தை உங்கள் கையில் ஒப்படைப்பது), புதுச் சுவரை அகற்றச் செயலுறுத்துக் கட்டளை (அதை அவர் செய்தே ஆக வேண்டும் என்ற உத்தரவு), மேற்கொண்டு நுழையாதிருக்க நிரந்தரத் தடை, இடிந்த சுவருக்கு நஷ்டஈடு. கேட்பது கூடினால் கோர்ட் கட்டணமும் கூடத்தான் செய்யும். அதற்காக எதையும் விட்டுவிடாதீர்கள். நஷ்டஈட்டுக்கு, அவர் உள்ளே நுழைந்த நாளிலிருந்து 3 வருடம்தான் கெடு.

சொத்து விவரத்தில் சர்வே எண், நான்கு எல்லை, ஆக்கிரமித்த இரண்டடி எந்தப் பக்கம், எவ்வளவு நீளம் என்பதெல்லாம் தெளிவாக இருக்கட்டும். பத்திரத்தில் ஓர் அளவு, பட்டாவில் வேறு அளவு என்றிருந்தால் வழக்குப் போடுவதற்கு முன்பே அதைச் சரிபாருங்கள். கோர்ட் வழக்கை ஏற்று எண் கொடுத்ததும், வக்கீல் கமிஷனரை (இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தர கோர்ட் அனுப்பும் வக்கீல்) நியமித்து, சர்வேயரை வைத்து அளக்கச் சொல்லி மனுக் கொடுங்கள். இப்படிப்பட்ட வழக்கில் அந்த அறிக்கைக்கு நல்ல பலம் உண்டு.

கைமாற்று விஷயம் வேறு. அதற்கும் சுவருக்கும் சம்பந்தமில்லை. அசையாச் சொத்தை மீட்கும் வழக்கில் கோர்ட் அனுமதியில்லாமல் அதைச் சேர்க்கவும் முடியாது. தனி வழக்காகப் போடுங்கள். புரோநோட் தேதியை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். அதற்கும் 3 வருடம்தான். இடையில் அவர் ஏதாவது கட்டி, பின்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தத் தேதியிலிருந்து கணக்கு.

இன்னொன்று, வசதியில்லை என்பதற்காகத் தனியாகப் போராட வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. கடலூரில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, புரோநோட் எல்லாவற்றின் நகலோடும் போங்கள். போகுமுன் 15100 என்ற சட்ட உதவித் தொலைபேசி எண்ணில் பேசியும் விசாரிக்கலாம். நீங்களே வாதாடுவதென்று முடிவெடுத்தாலும், வழக்குரையை மட்டுமாவது அங்கே ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டுத் தாக்கல் செய்யுங்கள்.