கணினி நிரல் எழுதுவதை எல்லோரும் அடிப்படைத் திறனாகக் கற்றுக்கொள்ள வேண்டுமா?

உங்கள் வீட்டில் ஆறாவதோ ஏழாவதோ படிக்கும் பிள்ளை இருக்கும், கோடிங் (அதாவது நிரல் எழுதும்) வகுப்பு ஆட்கள் யாரோ போன் செய்து பயமுறுத்தியிருப்பார்கள் என்று நானே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால் மன்னிக்கவும்.

எல்லோருக்கும் வேண்டாம் என்பதுதான் என் பதில். ஆனால் ஒரே கணக்கை வாராவாரம் உட்கார்ந்து போடுகிறவர்கள், அவர்கள் யாராக இருந்தாலும் சரி, கொஞ்சமாவது தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

நான் ஐடி ஆள் இல்லை. பி.காம். முடித்துவிட்டு திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். எங்கள் ஊரில் சனிக்கிழமை சம்பளம். டெய்லர்களுக்கு பீஸ் ரேட், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி. செக்கிங், கைமடி (டெய்லருக்கு உதவியாள்), பேக்கிங் ஆட்களுக்கு ஷிப்ட் கணக்கு. ஒரு ஷிப்ட், ஒன்றரை ஷிப்ட், சில வாரம் ராத்திரி வேலையும் சேர்ந்து வரும். எல்லாம் கூட்டி, அட்வான்ஸ் கழித்து, கவரில் ரொக்கமாகப் போட்டுக் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் பேங்கில் எந்த நோட்டு எத்தனை வேண்டும் என்று எழுதித் தர வேண்டும். இந்த டினாமினேஷன் கணக்குதான் என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது.

மொத்தத் தொகையை 500 ஆல் வகுத்தால் முடிந்ததே என்று சொல்வீர்கள். முடியாது. மூன்று பேருக்கு 3,850, 4,270, 2,990 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 11,110. வகுத்தால் 22 ஐந்நூறு, ஒரு நூறு, ஒரு பத்து. இதை வாங்கிக்கொண்டு வந்தால் கவர் போட முடியாது. ஆள் ஆளாகப் பிரித்தால் ஐந்நூறு 20 தான். நூறு 9, ஐம்பது 3, இருபது 3 என்று வரும். ஆள் அதிகமானால் இதைக் கையால் போட ஒரு காலைப்பொழுதே போய்விடும். நடுவில் ஒருவர் அட்வான்ஸ் வாங்கிவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

எக்செல்லில் 'ரெக்கார்ட் மேக்ரோ' என்று ஒரு பட்டன் உண்டு, நாம் செய்வதை அப்படியே நிரலாக எழுதிக்கொள்ளும். அதை அழுத்தி, அது எழுதியதைப் படித்துப் படித்துத்தான் கற்றுக்கொண்டேன். பெரிய நோட்டில் ஆரம்பித்து எத்தனை போகும் என்று பார், மீதியை அடுத்த நோட்டுக்குக் கொண்டு போ, இதையே அடுத்த ஆளுக்கும் செய். அவ்வளவுதான் நிரல். நோட்டு வகைகளைத் தனி ஷீட்டில் வைத்திருந்தேன். 2016 நவம்பரில் 1000 போய் 2000 வந்தபோதும், 2023 மே மாதம் அந்த 2000-ஐத் திரும்பப் பெறுவதாக அறிவித்தபோதும் எனக்கு ஒரு வரி மாற்றுகிற வேலைதான். (நோட்டு கிடைக்காமல் பட்ட பாடு வேறு. அதற்கு எந்த மேக்ரோவும் உதவவில்லை.)

மேக்ரோ எல்லாம் புரோகிராமிங்கா என்று சில பேர் வருவீர்கள். உங்கள் அகராதியில் இல்லாமல் இருக்கலாம். எனக்குச் சனிக்கிழமை மதியச் சாப்பாடு நேரத்துக்குக் கிடைத்தது.

உண்மையில் கஷ்டமாக இருந்தது நிரல் இல்லை. பத்து ரூபாய்க்கு ரவுண்ட் பண்ணுவது மேலேயா கீழேயா என்று கேட்டேன். சூபர்வைசர் மேலே என்றார். மேனேஜர் கீழே என்றார். மிச்சத்தை அடுத்த வாரம் சேர்த்துக் கொடுப்போம் என்றார் இன்னொருவர், அதுவும் சில ஆட்களுக்கு மட்டும். இத்தனை வருஷமாக ஆளுக்கொரு விதமாகத்தான் சம்பளம் போயிருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. கம்ப்யூட்டரிடம் 'வழக்கம்போலப் போடு' என்று சொல்ல முடியாததால்தான் அது வெளியில் வந்தது. கடைசியில் எல்லோருக்கும் மேலே என்று முடிவானது. எனக்குப் புரோகிராமிங்கில் பிடித்த பகுதி இந்தக் கேள்வி கேட்பதுதான்.

இப்போது ஏஐ எழுதித் தருமே என்பீர்கள். தரட்டும், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் ஆள் ஆளாகப் பிரிக்க வேண்டும் என்று சொல்லத் தெரியாதவருக்கு அதுவும் 22 ஐந்நூறு என்றுதான் சொல்லும்.

அப்புறம் எல்லோருக்கும் ஏன் வேண்டாம் என்கிறேன்? இங்கிலாந்தில் 2014 செப்டம்பரிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கே பாடத்தில் வைத்துவிட்டார்கள். இங்கே 2020 தேசியக் கல்விக் கொள்கையும் நடுநிலை வகுப்புகளில் கோடிங் வேண்டும் என்கிறது. கட்டாயப் பாடமானால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எங்கள் ப்ளஸ் டூ புத்தகத்தில் ஸ்டார் ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருளும் சி++ என்ற நிரல் மொழியும் இருந்தன. பாடத்தைக் குறை சொல்லவில்லை. நான் படித்த பள்ளியில் ஒரு சிஸ்டத்தைச் சுற்றி நாலைந்து பேர் நிற்போம், நிரலை ரெக்கார்ட் நோட்டில் பார்த்து எழுதி மனப்பாடம் செய்வோம். நல்ல மார்க் வாங்கினேன். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் லூப் என்ன செய்கிறது என்று கேட்டிருந்தால் முழித்திருப்பேன். எங்கள் கட்டிங் மாஸ்டர் துணி வீணாகாமல் மார்க்கர் போடுவதை, அதாவது வெட்ட வேண்டிய துண்டுகளை நெருக்கமாக அடுக்கி வரைவதைப் பார்த்தால் அவர் மூளைக்கு முன்னால் என் மேக்ரோ ஒன்றுமே இல்லை. அவருக்குப் பைத்தான் மாதிரி ஒரு நிரல் மொழியைச் சொல்லிக்கொடுத்து என்ன ஆகப்போகிறது?

இதையும் சொல்லிவிடுகிறேன். முதலாளி மகன் படித்துவிட்டு வந்ததும் பெரிய சாப்ட்வேர் ஒன்று வாங்கினார். அதில் ஒன்றரை ஷிப்ட் போடவே இடமில்லை. கேட்டால், நமக்கேற்ப மாற்றித் தருவது 'கஸ்டமைசேஷன்', அதற்குத் தனி பில். அந்தத் தொகை என் பல மாதச் சம்பளம். அதைக் கொடுத்தார்கள். நான் செய்தபோது 'அக்கவுண்ட்ஸ் பொண்ணு ஏதோ பண்ணியிருக்கு' என்றதோடு சரி, இன்கிரிமென்ட் பேச்சே இல்லை. இப்போதும் சனிக்கிழமை என் ஷீட்டில்தான் சரிபார்க்கிறார்கள்.

பிள்ளைக்கு ஆசை இருந்தால் பிள்ளைகள் நிரல் பழகுவதற்கான ஸ்கிராட்ச் இலவசமாகவே கிடைக்கிறது, வீட்டில் போட்டுக் கொடுங்கள். போன் செய்கிற ஆட்களுக்கு அட்வான்ஸ் மட்டும் கட்டிவிடாதீர்கள்.