கேள்வி நேரம்: பாதி ஆரஞ்சு, பாதி சிவப்பு

கேள்வி: என் மகள் ஆஸ்டினில், டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அக்டோபர் மாதம் அவர்கள் அணியின் ஆட்டம் பார்க்க டல்லாஸ் போகிறேன் என்கிறாள். ஆஸ்டினிலேயே ஒரு லட்சம் பேர் உட்காரும் அரங்கம் இருக்கிறதாமே, அப்புறம் ஏன் வேறு ஊருக்குப் போய் ஆடுகிறார்கள்?
- ஓர் அம்மா, சுங்கை சிப்புட்

பதில்: அக்கா, தடுக்காதீர்கள், போய்வரட்டும். அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்தில் (நம் காற்பந்து இல்லை, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவது) ஒரே ஓர் ஆட்டத்தை நேரில் பார்க்கலாம் என்று யாராவது எனக்கு டிக்கெட் தந்தால் நான் கேட்பது இதைத்தான். டெக்சஸும் ஒக்லஹோமாவும் 1929-லிருந்து வருடா வருடம் டல்லாஸில்தான் மோதுகின்றன. ஆஸ்டினிலிருந்து டல்லாஸ் 300 கிலோமீட்டர் சொச்சம், ஒக்லஹோமா பல்கலைக்கழகம் இருக்கும் நார்மனிலிருந்தும் கிட்டத்தட்ட அதே தூரம். இரண்டு பக்கமும் கிளம்பித்தான் வரவேண்டும், இரண்டு பக்கத்துக்கும் அது சொந்த ஊர் இல்லை. ஆட்டம் நடக்கும் டல்லாஸ் காட்டன் பவுல் அரங்கத்தில் 92,000 பேர் உட்காரலாம். நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் முழுக்க டெக்சஸ்காரர்களின் ஆரஞ்சு, அந்தப் பக்கம் முழுக்க ஒக்லஹோமாவின் சிவப்பு, கத்தியால் வெட்டியது மாதிரி இருக்கும். அதனால் பந்து எந்தப் பக்கம் போனாலும் பாதி அரங்கம் எழுந்து கத்தும், மீதிப் பாதி வாயடைத்து நிற்கும். வெளியே வந்தால் டெக்சஸ் மாநிலப் பொருட்காட்சி, ராட்டினம், எண்ணெயில் பொரித்த தின்பண்டம், நம் திருவிழா மாதிரியே கூட்டம். வென்ற அணிக்குப் பரிசு தங்க நிறத் தொப்பி.

நமக்கும் இது புதிதில்லை. 2018-ல் பேராக் அணி திரங்கானுவைப் பெனால்டியில் வென்று மலேசியக் கிண்ணத்தைத் தூக்கியதே, அது பேராக்கின் சொந்த ஊரான ஈப்போவிலா நடந்தது? ஷா ஆலமில். இங்கிருந்து பஸ் பிடித்துப் போனவர்கள் இன்னும் அந்தக் கதையைச் சொல்கிறார்கள். சொந்தத் திடலில் ஜெயித்தால் அவர்களுக்கு அந்தப் பயணக் கதை கிடைத்திருக்காது.

கேள்வி: உங்கள் கையில் விட்டால் எந்த இரண்டு அணிகளை, எந்த அரங்கத்தில் மோதவிடுவீர்கள்?
- ஆறாம் படிவ மாணவன், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, மிச்சிகன், நோட்ரடேம் பல்கலைக்கழக அணிகளை, சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டில், நவம்பர் குளிரில், கூரை இல்லாமல். நோட்ரடேம் பையன்களுக்கு இந்த விளையாட்டைச் சொல்லிக்கொடுத்ததே மிச்சிகன்தான். 1887-ல் மிச்சிகன் அணி ரயிலேறிப் போய், கற்றுக்கொடுத்து, அன்றைக்கே ஆடி ஜெயித்தும் வந்தது. குருவும் சிஷ்யனும் பிறகு ஜென்மப் பகையானார்கள், இதைவிட நல்ல ஆட்டம் வேறு என்ன வேண்டும்? சோல்ஜர் ஃபீல்டும் சாதாரண இடமில்லை. 1927-ல் நோட்ரடேமும் தெற்குக் கலிபோர்னியாவும் அங்கே ஆடியபோது ஒரு லட்சத்துக்கும் மேல் கூட்டம். இப்போது இடித்துக் கட்டியதில் 60,000 சொச்சம்தான் கொள்ளும், அங்கேதான் சிக்கல். மிச்சிகனின் சொந்த அரங்கத்தில் 1,07,601 இருக்கை. அத்தனை டிக்கெட் காசை விட்டுவிட்டு யார் வெளியூர் போவார்கள்? அதனால்தான் இப்படிப்பட்ட ஆட்டங்கள் பெரும்பாலும், நல்ல தொகை கொடுத்து அழைக்கும், கூரை போட்ட தொழில்முறை அரங்கங்களுக்கே போகின்றன. வெயில் இல்லை, மழை இல்லை, காற்று இல்லை, எனக்கு அது பிடிக்கவே இல்லை.

சரி, வித்தியாசமான இடம் என்றாலே நல்லது என்றும் சொல்லமாட்டேன். 2010-ல் சிகாகோவின் ரிக்லி ஃபீல்ட் பேஸ்பால் மைதானத்தில் நார்த்வெஸ்டர்னையும் இல்லினாயையும் ஆடவிட்டார்கள். ஒரு முனையில் எல்லைக்கோட்டை ஒட்டிச் சுவர் இருந்ததால், ஓடிவருகிறவன் மோதிக்கொள்வான் என்று பயந்து, இரண்டு அணியும் ஒரே திசையில்தான் தாக்கவேண்டும் என்று விதியையே மாற்றினார்கள். 2016-ல் டென்னசியும் வர்ஜீனியா டெக்கும் பிரிஸ்டல் கார்ப் பந்தயத் தடத்தின் நடுவே ஆடியபோது 1,56,990 பேர் வந்தார்கள், கல்லூரிக் காற்பந்தில் அதுதான் சாதனைக் கூட்டம். ஆனால் பந்தயத் தடம் முழுவதையும் தாண்டி அத்தனை தூரத்திலிருந்து எதைப் பார்த்திருப்பார்கள்?

கேள்வி: இப்படி ஓர் ஆட்டத்தை நம் புக்கிட் ஜாலில் தேசிய அரங்கத்தில் நடத்தலாமா?
- காப்பிக்கடை நண்பர்கள், சுங்கை சிப்புட்

பதில்: இடம் தாராளமாகப் போதும். அவர்கள் திடல், இரண்டு முனைகளிலும் புள்ளி எடுக்கும் பகுதிகளைச் சேர்த்து, 110 மீட்டர் நீளம், 49 மீட்டர் அகலம். நம் காற்பந்துத் திடலைவிடக் கொஞ்சம் நீளம், ஆனால் ஒடுக்கம், ஓட்டத் தடத்துக்குள் நன்றாக அடங்கும். வெளிநாட்டில் ஆடுவதும் அவர்களுக்குப் பழக்கம்தான், அயர்லாந்தின் டப்ளினிலும் ஆஸ்திரேலியாவின் சிட்னியிலும் ஆடியிருக்கிறார்கள். ஆனாலும் எனக்கு மனசு வரவில்லை. டப்ளினுக்கு நோட்ரடேம் ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் விமானமேறி வந்தார்கள், அது ஐரிஷ் பெயர் சுமக்கும் அணி. புக்கிட் ஜாலிலுக்கு யார் வருவார்கள்? வேடிக்கை பார்க்க நாம் நிரப்பிவிடுவோம், ஆனால் அந்த நடுக்கோட்டுப் பிளவு இருக்காது, பாதி அரங்கம் அழாது.

அதற்குப் பதில் அக்டோபரில் டல்லாஸ் ஆட்டத்தையே சேர்ந்து பார்ப்போம். அங்கே சனிக்கிழமை பிற்பகல் 2.30-க்கு வைத்தால் நமக்கு ஞாயிறு அதிகாலை 3.30. கடையைத் திறந்துவையுங்கள், நான் வருகிறேன், முதல் கேள்வி கேட்ட அக்காவையும் கூப்பிடுங்கள்.