கேளுங்க, சொல்லுகேன்: டர்போ வண்டியும் ஃபியூல் கட்டும்

கேள்வி: அண்ணே, என்கிட்ட ஃபியட் லீனியா டி-ஜெட் டர்போ பெட்ரோல் கார் இருக்கு. பூஸ்ட், அதாவது டர்போ எஞ்சினுக்குள்ள தள்ளுற காத்தோட பிரஷரை ஏத்தலாம்னு ஒரு மேனுவல் பூஸ்ட் கன்ட்ரோலர் வாங்கி மாட்டினேன். ரெண்டாவது கியர்ல நல்லா இழுக்குது, ஆனா விடியக்காலம் ஆரல்வாய்மொழி தாண்டி நாலாவது கியர்ல மிதிச்சா டக்குனு வெட்டுது, தலை முன்னாடி போயிட்டு வருது, செக் எஞ்சின் லைட்டும் வந்துருது. மத்தியானம் போனா அவ்வளவு இல்ல. ஃபியூல் கட் டிஃபெண்டர்னு ஒரு சாமான் போட்டா சரியாயிரும்னு சொல்லுகாங்க, போடலாமா?
- தக்கலை வாசகர்

பதில்: போடாதீங்க தம்பி. அந்த சாமான் செய்ற வேலை என்னன்னா, காத்து பிரஷரை அளக்குற மேப் சென்சார்ல இருந்து ஈசியுவுக்கு (எஞ்சினை நடத்துற கம்ப்யூட்டர்) போற வோல்டேஜை ஒரு அளவுக்கு மேல ஏறவிடாம பிடிச்சு வைக்கும், அவ்வளவுதான். உள்ள நிஜமா 1.2 பார் அடிச்சாலும் ஈசியு 0.9னு நம்பி அதுக்குண்டான பெட்ரோலைத்தான் விடும், இக்னிஷனையும் (பிளக் தீப்பொறி விடுற நேரம்) அந்தக் கணக்குலயே வைக்கும். காத்து கூட, பெட்ரோல் கொறவு, அப்பம் நாக்கிங் வரும், அதாவது பெட்ரோல் கண்ட நேரத்துல தானா வெடிக்கும், பிஸ்டன் போகும். ஃபியூஸ் அடிக்கடி போகுதுன்னு ஃபியூஸ் கட்டைல தடிச்ச கம்பியைச் சுத்துவாங்கள்ல, அதே சோலிதான் இது.

லைட்டு வந்தப்போ ஸ்கேனர் போட்டுப் பாத்திருந்தா அனேகமா பி0234னு ஒரு கோடு இருந்திருக்கும், ஓவர்பூஸ்ட்னு அர்த்தம். பழைய ஜப்பான் டர்போ வண்டின்னா நேரா பெட்ரோலை நிறுத்தும், இப்பத்த வண்டிங்க காத்து போற த்ராட்டிலை மூடும், பவரைக் கொறைச்சு ஓட்டுற லிம்ப் மோடுக்குப் போகும். எதுவானாலும் காரணம் ஒண்ணுதான், நான் கேட்ட அளவை விட பூஸ்ட் கூட வந்துட்டுன்னு ஈசியு சொல்லுது. விடியக்காலம் குளுந்த காத்து அடர்த்தியா இருக்கும், நாலாவது கியர்ல லோடு கூட, டர்போ சுத்தி ஏற நேரமும் நெறைய கிடைக்கும், அதான் அங்க மட்டும் பூஸ்ட் ஸ்பைக் ஆகுது.

உங்க கன்ட்ரோலர் ஒரு குண்டும் ஸ்பிரிங்கும் தான். டர்போல காத்தை அமுக்குற கம்ப்ரசர்ல இருந்து, வேஸ்ட்கேட்டை (பூஸ்ட் கூடாம புகையை வேற வழியா விடுற கதவு) தொறக்குற ஆக்சுவேட்டருக்குப் போற சின்ன ஹோஸ்ல உக்காந்து பிரஷரைக் கொஞ்ச நேரம் தடுத்து வைக்கும். காலையா மத்தியானமா, எந்த கியர், பெட்ரோல் எப்படி, ஒண்ணும் அதுக்குத் தெரியாது. அந்த ஹோஸ் ஒருநாள் கழண்டுதுன்னு வைங்க, வேஸ்ட்கேட் தொறக்கவே தொறக்காது, அன்னிக்கு இந்த ஃபியூல் கட் ஒண்ணுதான் எஞ்சினைக் காப்பாத்தும், அதைத்தான் நீங்க எடுக்கப் பாக்கிறீங்க.

இப்பம் என்ன செய்யணும்னா, மொதல்ல கன்ட்ரோலரைக் கழட்டி வச்சிட்டு ஸ்டாக்ல, அதாவது கம்பெனில வந்தபடி, வண்டி எப்படி இருக்குன்னு பாருங்க. கம்ப்ரஷன் டெஸ்ட், டர்போ காத்தை ஆத்துற இன்டர்கூலர் ஹோஸ்ல லீக், பிறகு பிளக். பிளக்கைக் கழட்டி வெயில்ல வச்சு அந்த வெள்ளைப் பீங்கானை உத்துப் பாருங்க, பொடிப்பொடியா வெள்ளி நிறத்துல புள்ளி இருந்தா அது பிஸ்டன்ல இருந்து வந்த அலுமினியம், நாக்கிங் ஏற்கெனவே ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம், பூஸ்ட் பேச்சை அப்பமே விட்டுருங்க.

எல்லாம் சரின்னா ஒரு நல்ல பூஸ்ட் கேஜும் காத்துக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விகிதத்தைக் காட்டுற வைட்பேண்ட் மீட்டரும் வாங்குங்க, கன்ட்ரோலருக்குப் போட்ட காசை அதுல போட்டிருக்கலாம். பெட்ரோல் பிரஷர்தான் ஆளுங்க கவனிக்காத இடம். இன்ஜெக்டருக்குப் பெட்ரோல் குடுக்கிற ரெயில்ல பிரஷர் 3.5 பார்ல அப்படியே நிக்கிற சிஸ்டம்னா, மேனிஃபோல்டுல 1 பார் பூஸ்ட் வந்ததும் இன்ஜெக்டருக்கு மிஞ்சுறது 2.5 தான், ஒரே நேரம் தொறந்தாலும் சுமார் 15 சதவீதம் பெட்ரோல் கொறைஞ்சுதான் வரும். இன்ஜெக்டர் டியூட்டி, அதாவது அது தொறந்திருக்கிற நேரத்தோட பங்கு, 85 சதவீதத்தைத் தாண்டுச்சுன்னா அங்கேயே நிறுத்திக்கிடணும். சூடும் அப்படித்தான், நம்ம ஊர் 33 டிகிரி காத்தை 1 பார் பூஸ்டுக்கு அமுக்குனா இன்டர்கூலருக்குள்ள போறதுக்கு முன்னாடியே 120 டிகிரியைத் தாண்டிரும், இன்டர்கூலர் சின்னதுன்னா அந்தச் சூடு பூரா எஞ்சினுக்குத்தான்.

பிறகு ரீமேப், ஈசியுல இருக்கிற கணக்கை மாத்தி எழுதுறது. பூஸ்ட் டார்கெட், பெட்ரோல், டைமிங், ஓவர்பூஸ்ட் லிமிட் நாலையும் சேத்து மாத்தணும், லிமிட்டை எடுக்கக் கூடாது, புது டார்கெட்டுக்குக் கொஞ்சம் மேல கொண்டு வைக்கணும். பூஸ்டைப் பைய 1 பிஎஸ்ஐ, 1 பிஎஸ்ஐயா (1 பார்னா சுமார் 14.5 பிஎஸ்ஐ) ஏத்தி ஒவ்வொரு தடவையும் பதிவான லாக்கைப் பாருங்க, ஃபுல் லோடுல லாம்ப்டா (1க்குக் கீழ போனா பெட்ரோல் கூடன்னு அர்த்தம்) 0.80 பக்கம் நிக்கணும். ஸ்டாக்கை விட 2, 3 பிஎஸ்ஐ கூட கிடைச்சா போதும்பேன். சின்ன டர்போ மேல் ஆர்பிஎம்ல வெறும் சூட்டைத்தான் தள்ளும், அங்க பூஸ்டைக் கொறைச்சு விடணும். பிளக் கேப் 0.7 மில்லிமீட்டர் வச்சா மிஸ்ஃபயர் கொறையும். இதையெல்லாம் வண்டியை உருளை மேல ஓட்டி அளக்குற டைனோல வச்சுப் பாருங்க, கோயம்புத்தூர், பெங்களூரு பக்கம் கிடைக்கும். ஆரல்வாய்மொழில காத்தாடி சுத்துற எடத்துல சைடு காத்து வண்டியையே தள்ளும், அங்கயா டெஸ்ட் பண்ணுவீங்க? இன்சூரன்ஸ்காரங்ககிட்டயும் மாத்துனதைச் சொல்லிருங்க.

கேள்வி: என் டர்போ வண்டில ஒண்ணும் மாத்தல, கம்பெனி ஃபிட்டிங் தான். ஆனாலும் கொஞ்ச நாளா இதே மாதிரி வெட்டுது. ரீமேப் பண்ணினா போகுமா?
- குளச்சல் வாசகர்

பதில்: ரீமேப் என்னத்துக்கு? ஒண்ணும் மாத்தாத வண்டில ஓவர்பூஸ்ட் வந்தா வேஸ்ட்கேட் ஒட்டியிருக்குன்னு நெனைங்க. கடக்கரை உப்புக்காத்துல ஆக்சுவேட்டர் கம்பியும் அந்தச் சின்ன பின்னும் துரு ஏறி இறுகிரும். எஞ்சின் ஆறின பிறகு ஹேண்ட் பம்பு வச்சு ஆக்சுவேட்டருக்கு மெதுவா பிரஷர் குடுத்தா கம்பி வழுக்கிட்டு நகரணும், திக்கித் திக்கி நகந்தா அதுதான் கேடு. எலக்ட்ரானிக் ஆக்சுவேட்டர்னா ஸ்கேனர்ல ஆட்டிப் பாக்கலாம். டீசல் வண்டின்னா பலதுல வேஸ்ட்கேட்டுக்குப் பதிலா விஜிடி (இறக்கையோட கோணம் மாறுற டர்போ) இருக்கும், அதோட இறக்கைல கரி பிடிச்சு ஒட்டும், கிளீன் பண்ணினா பெரும்பாலும் சரியாயிரும். வேக்கம் ஹோஸையும் விரலால வளைச்சுப் பாருங்க, வெடிப்பு இருந்தா அப்பம்தான் தெரியும்.

கேள்வி: 100 ஆக்டேன் பெட்ரோல் ஊத்தினா பூஸ்ட் தானா ஏறுமா அண்ணே?
- மார்த்தாண்டம் வாசகர்

பதில்: ஏறாது. நாக்கிங்கைத் தாங்குற சக்திதான் கூடும், ஈசியுல இருக்கிற மேப் (பெட்ரோல், டைமிங் கணக்கு) அதுக்கு ஏத்தாப்ல இருந்தாதான் பலன். எந்தப் பெட்ரோலுக்கு டியூன் பண்ணினீங்களோ அதையே ஊத்துங்க, 100க்கு டியூன் பண்ணிட்டு அவசரத்துக்குச் சாதா பெட்ரோல் போட்டீங்கன்னா அது தீருற வரை மிதிக்காதீங்க. எத்தனால் கலந்த இ20க்குப் பெட்ரோல் கொஞ்சம் கூடவே வேணும், அதனால இன்ஜெக்டர் கணக்கை இ20 ஊத்தித்தான் பாக்கணும்.