வேர்த்துக் கொட்டியும் மழை ஏன் வருவதில்லை? இடிமேகங்கள் பற்றிக் கேள்வி பதில்

மேகம், மழை, காற்று பற்றிக் கேட்டிருந்தீர்கள். பாதிக் கேள்விகளுக்கு அடிப்படை ஒன்றுதான்: நமக்கு வேர்க்க வைக்கும் ஈரம் வேறு, மேகம் வளர வேண்டிய ஈரம் வேறு. அதனால் முதல் கேள்விக்குச் சற்று நீளமாகவே பதில் சொல்கிறேன்.

பொங்கோல் வாசகி: அண்ணா, சில நாள் காலையிலிருந்தே உடம்பெல்லாம் கசகசக்கிறது. மேகமும் கூடுகிறது. ஆனால் சொட்டு மழை இல்லை. இவ்வளவு ஈரமும் எங்கே போகிறது?

எங்கும் போகவில்லை தங்கச்சி. கீழே இருக்கிறது, மேலே இல்லை. அவ்வளவுதான். நமக்குப் புழுக்கம் தருவது தரையை ஒட்டிய காற்று. சிங்கப்பூரில் அதில் ஈரத்துக்குப் பஞ்சமே கிடையாது. விடியற்காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும், மழை இல்லாத பிற்பகலிலும் 60 விழுக்காடு அளவில் இருக்கும். ஆனால் நல்ல இடிமேகம் 15 கிலோமீட்டர் உயரம்கூட வளரும். போகிற வழியெல்லாம் சுற்றியுள்ள காற்றை உள்ளே இழுத்துக் கலந்துகொண்டேதான் அது ஏறும். 3 முதல் 6 கிலோமீட்டர் உயரத்தில் அந்தக் காற்று வறண்டிருந்தால் மேகத்துளிகள் ஆவியாகிவிடும். ஆவியாக வேண்டிய வெப்பத்தையும் மேகத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும். மேகம் குளிரும், கனக்கும், ஏற முடியாமல் நின்றுவிடும்.

இதைப் புளோக் நடைவழியில் நின்றே பார்க்கலாம். பிற்பகல் ஒரு மணிக்கு மேல் ஜொகூர் பக்கம் காலிஃபிளவர் போலத் திரளும் மேகத்தின் விளிம்பைக் கவனியுங்கள். விளிம்பு கெட்டியாக, வெட்டி வைத்தது போல் இருந்தால் அது வளர்கிறது. பிசிறு பிசிறாகி, தலை மட்டும் தனியே பிய்ந்து, கொஞ்ச நேரத்தில் கரைந்துபோனால் மேலே வறட்சி என்று பொருள். ஆனாலும் கரைந்த மேகம் வீணில்லை. தன் ஈரத்தை அந்த உயரத்தில் விட்டுவிட்டுத்தான் போகிறது. அதே வழியில் வரும் அடுத்த மேகம் இன்னும் கொஞ்சம் மேலே போகும். ஒரு மணிக்குத் தோற்ற மேகங்கள்தான் பல நாளில் நான்கு மணி மழைக்கு வழி செய்கின்றன.

2014ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். சிங்கப்பூரில் ஜனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை 27 நாள் மழையே இல்லை என்று சொல்லலாம். சுற்றிலும் கடல் அப்படியேதான் இருந்தது. மேலிருந்து கீழிறங்கிய வறண்ட காற்று மேகத்தைத் தலைதூக்க விடவில்லை.

உயர்நிலைப் பள்ளி மாணவர்: 100 மில்லிமீட்டர் மழை பெய்தால், அவ்வளவு தண்ணீரும் முதலிலேயே நம் தலைக்கு மேல் இருந்தது என்றுதானே அர்த்தம், சார்?

அருமையான கேள்வி தம்பி. இல்லை. நமக்கு நேர் மேலே, தரையிலிருந்து வானுச்சி வரை உள்ள நீராவி முழுவதையும் பிழிந்து எடுத்தாலும் பொதுவாக 50, 60 மில்லிமீட்டர்தான் தேறும். சிங்கப்பூரில் 1978 டிசம்பர் 2 அன்று ஒரே நாளில் 512.4 மில்லிமீட்டர் பெய்தது. மீதி எல்லாம் பக்கங்களிலிருந்து வந்து சேர்ந்தது.

நீராவி துளியாகும்போது, கிலோவுக்கு ஏறக்குறைய 25 லட்சம் ஜூல் வெப்பம் வெளிப்படும். அந்த வெப்பம் காற்றை மேலே தள்ளும், காலியான இடத்துக்குப் பக்கத்து ஈரக்காற்று ஓடி வரும், அதுவும் மேலேறித் துளியாகும். இடிமழை தனக்கு வேண்டிய தீனியைத் தானே இழுத்துக்கொள்வது இப்படித்தான். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தென்சீனக் கடலை முழுக்கக் கடந்து ஈரத்தை அள்ளிவரும் காற்றும் சேர்ந்துகொண்டால் நாள் கணக்கில் மழை ஓயாது.

இன்னொன்றையும் குறித்துக்கொள். ஈரம் கொஞ்சம் கூடினால் மழையும் கொஞ்சம்தான் கூடும் என்று நினைக்காதே. வெப்பமண்டலக் கடல்களில் துணைக்கோள்கள் அளந்து காட்டியது வேறு: காற்றின் மொத்த ஈரம் ஓர் அளவைத் தாண்டும் வரை மழை சொற்பம், தாண்டியதும் கிடுகிடுவென ஏறும்.

துவாஸ் கட்டுமானத் தள மேற்பார்வையாளர்: விடியற்காலையில் மேற்கே கறுத்து வருகிறது. மழை விழுவதற்கு முன்பே காற்று அடித்து, பாரந்தூக்கியை நிறுத்தக்கூட நேரமில்லை. மழைக்கு முன் ஏன் காற்று?

நீங்கள் சொல்வது சுமத்ரா ஸ்குவால். ஏப்ரல் முதல் நவம்பர் வரை வருவது. இரவில் சுமத்ரா பக்கமும் மலாக்கா நீரிணையிலும் உருவாகும் இடிமேகங்கள் ஒரு வரிசையாகக் கோத்துக்கொண்டு கிழக்கே நகரும். பெரும்பாலும் விடியலுக்கு முன்னோ காலையிலோ நம்மைத் தொடும்.

முதல் பதிலில் மேகத்தைக் கொன்ற நடு உயர வறட்சி இங்கே வேறு வேலை செய்கிறது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த பகுதி இது. மழைத்துளி வறண்ட காற்றின் வழியே விழும்போது ஒரு பங்கு ஆவியாகி அந்தக் காற்றைக் குளிர வைக்கும். குளிர்ந்த காற்று கனமானது. அது தரையில் வந்து மோதி, மழைக்கு முன்னால் பரந்து ஓடும். உங்கள் தளத்தில் முதலில் அடிப்பது அந்தக் காற்றுதான். ஓடும் வழியில் எதிரே உள்ள புழுக்கமான காற்றுக்கு அடியில் நுழைந்து அதைத் தூக்கிவிடும். அங்கே புது மேகம் பிறக்கும். பின்னால் பழைய மேகம் சாக, முன்னால் புதியது முளைக்க, வரிசை மட்டும் மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். வறட்சி அளவு மீறினால் புது மேகமும் வளராது, வரிசை நீரிணையிலேயே கலைந்துவிடும்.

வழக்கமாகக் காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசும். 1984 ஏப்ரல் 25 அன்று தெங்காவில் 144.4 கிலோமீட்டர் பதிவானது. ஆகவே தயவுசெய்து மழைத்துளிக்காகக் காத்திருக்காதீர்கள். சிங்கப்பூர் வானிலை ஆய்வகத்தின் ரேடார் படத்தில் வரிசை நீரிணையைக் கடப்பது தெரிந்ததுமே பாரந்தூக்கி வேலையை நிறுத்துங்கள். காற்று சில்லென்று மாறிவிட்டால் அது வந்தேவிட்டது. பெருமழை ஓய்ந்து தூறலானதும் ஊழியர்களைத் திறந்த வெளிக்கு அனுப்பிவிடவும் வேண்டாம். பின்னால் வரும் பரந்த மேகத்திலும் மின்னல் இருக்கும்.

தோ பாயோ மூத்த குடிமகன்: நம் ஊர் பூமத்திய ரேகைக்குப் பக்கம், புயல் வராது என்று சிறு வயதிலிருந்து கேள்விப்பட்டிருக்கிறேன். சரிதானா தம்பி?

பெரும்பாலும் சரி ஐயா. ஈரம் எவ்வளவு இருந்தாலும் புயலுக்குச் சுழற்சி வேண்டும். பூமி சுற்றுவதால் கிடைக்கும் அந்தத் திருப்பம் இங்கே மிகக் குறைவு. ஆனால் 2001 டிசம்பரில் வாமெய் என்ற சூறாவளி பூமத்திய ரேகைக்கு ஏறக்குறைய 1.5 பாகை வடக்கில், நமக்குப் பக்கத்துக் கடலிலேயே உருவாகி, ஜொகூரில் கரையேறியது. வலுத்த வடகிழக்குக் காற்றும் போர்னியோ அருகே இருந்த காற்றுச்சுழலும் சேர்ந்து அந்தத் திருப்பத்தைக் கொடுத்தன. அரிதிலும் அரிதான நிகழ்வு.

தேக்கா கடைக்காரர்: இரண்டு வாரம் தொடர்ந்து மழை, வியாபாரம் படுத்துவிடுகிறது. பிறகு இரண்டு வாரம் நல்ல வெயில். இதற்கு ஏதாவது கணக்கு உண்டா?

ஒன்று உண்டு. மேடன், ஜூலியன் என்ற இரு ஆய்வாளர்கள் 1971இல் கண்டறிந்த அலைவு. இந்தியப் பெருங்கடலில் தொடங்கிக் கிழக்கே நகரும் பெரிய ஈர மண்டலம், 30 முதல் 60 நாளில் ஒரு சுற்று. அது நெருங்கும்போது முதலில் நடு உயரக் காற்று ஈரமாகும், பிறகு கனமழை. கடந்த பின் வறட்சி. பருவக்காற்று குறுக்கிட்டால் கணக்கு மாறும் என்பதால், இதை மட்டும் நம்பிச் சரக்கு எடுக்காதீர்கள்.

ஜூரோங் வாசகி: வெப்பம் கூடினால் மழையும் கூடுமா?

வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் கூடினால் காற்று ஏறக்குறைய 7 விழுக்காடு அதிக நீராவியைத் தாங்கும். அதனால் பெய்யும்போது கொட்டித் தீர்க்கும். ஆனால் நிரம்ப வேண்டிய அளவும் உயர்கிறதே, அதனால் மழை நாள்களும் அதே கணக்கில் கூடும் என்று சொல்ல முடியாது. கால்வாய் கட்டுபவர்களுக்கு ஆண்டு மொத்த மழையைவிட, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு கொட்டும் என்பதுதான் முக்கியம்.