ஜிங்க் மாத்திரை போட்டும் டெஸ்டோஸ்டிரோன் ஏறவில்லையா?

மூன்று மாதமாகத் தினம் 50 மி.கி. ஜிங்க் (துத்தநாகம்) எடுத்தும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் 290 ng/dL-லேயே நிற்கிறது என்கிறீர்கள். உடம்பில் ஜிங்க் குறைவாக இருந்தால்தான் மாத்திரையால் டெஸ்டோஸ்டிரோன் ஏறும். போதுமான அளவு இருப்பவருக்கு எவ்வளவு போட்டாலும் பலன் இல்லை.

எனக்கு முதல் சந்தேகம் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்த நேரத்தின் மேல்தான். சாப்பிட்டுவிட்டு மாலை 4 மணிக்குக் கொடுத்திருக்கிறீர்கள். இந்த ஹார்மோன் காலையில் உச்சத்தில் இருக்கும், பிற்பகலில் இறங்கும். சாப்பாடும் அதைக் கொஞ்சம் இறக்கிவிடும்.

1. காலை 7 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில், நன்றாகத் தூங்கி எழுந்த இரண்டு வெவ்வேறு நாட்களில் மறுபடி பாருங்கள்.

2. அப்போதும் குறைவு என்றால் எல்எச் (விரையை டெஸ்டோஸ்டிரோன் சுரக்கத் தூண்டும் ஹார்மோன்), புரோலாக்டின் (பிட்யூட்டரி சுரக்கும் இன்னொரு ஹார்மோன்) இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். கோளாறு விரையிலா, மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலா என்பதை இவைதான் காட்டும்.

மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஜிங்க் சல்பேட் 220 மி.கி. என்று போட்டிருந்தால் அதில் உள்ள ஜிங்க் சுமார் 50 மி.கி.தான். பெரியவர்களுக்கு உச்ச வரம்பு நாளுக்கு 40. அதைத் தாண்டி மாதக்கணக்கில் போனால் குடல் செம்பை உறிஞ்சுவது குறையும். ரத்தசோகை, வெள்ளணுக் குறைவு, கால் மரத்துப்போவது எல்லாம் வரலாம். அதனால் மருத்துவர் எழுதித் தராத மாத்திரை என்றால் இன்றே நிறுத்திவிட்டு, சிபிசியும் (ரத்த அணுக்களின் எண்ணிக்கைப் பரிசோதனை) ரத்தத்தில் செம்பு அளவும் பாருங்கள்.

நீங்கள் சைவ உணவுக்காரர் என்பதால் ஒன்று: பருப்பு, தானியத்தில் உள்ள பைட்டேட் என்ற இயற்கைப் பொருள் ஜிங்கைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஊறவைத்து முளைகட்டினாலோ, மாவைப் புளிக்கவைத்தாலோ பைட்டேட் குறையும்.

தலைவலியோடு பார்வை மங்கினால் மட்டும் காத்திருக்காதீர்கள், பிட்யூட்டரிக் கோளாறாக இருக்கலாம், உடனே மருத்துவரிடம் போங்கள்.