நாற்காலியும் வரைகிறாள், காரும் வரைகிறாள்: எதில் சேர்ப்பது?

அன்புள்ள அம்மா,

உங்கள் மகளின் வரைபடங்களைப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் மடிப்பு வைத்த மேலங்கி, அடுத்த பக்கத்தில் காரின் பின்விளக்கு, அதற்கடுத்து நாற்காலி, நடுவே கூரையில்லாத ஒரு வீடு. கட்டடக்கலை, அறைகலன் வடிவமைப்பு, ஆடை வடிவமைப்பு, கார் வடிவமைப்பு ஆகிய நான்கில் எதில் சேர்ப்பது என்று நீங்கள் கேட்கிறீர்கள். அவளுடைய அப்பாவோ, பொறியியல் படிக்கட்டும், படம் வரைவதைப் பொழுதுபோக்காக வைத்துக்கொள்ளட்டும் என்கிறார். அவருக்கும் பதில் வைத்திருக்கிறேன், பிறகு வருகிறேன்.

நான்கில் ஒன்றை இன்றே தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. கட்டடக்கலை வேண்டுமா வேண்டாமா என்பதை மட்டும் இப்போதே முடிவு செய்தாக வேண்டும். மற்ற மூன்றுக்கும் இன்னும் ஓராண்டுக்கு மேல் அவகாசம் இருக்கிறது.

காரணம் மிக எளிது. உலகின் பெரும்பாலான நாடுகளில் ‘ஆர்க்கிடெக்ட்’ என்று தன்னை அழைத்துக்கொள்ளவோ, கட்டட வரைபடத்தில் கையெழுத்திடவோ சட்டப்படி உரிமம் அல்லது பதிவு வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட படிப்பு, பயிற்சிக் காலம், தேர்வு ஆகிய மூன்றையும் தாண்டினால்தான் அது கிடைக்கும். பிரிட்டனில் இது மூன்று கட்டங்களாகச் சுமார் 7 ஆண்டுகள் பிடிக்கும். நாற்காலி வடிவமைப்பவருக்கும் ஆடை வடிவமைப்பவருக்கும் கார் வடிவமைப்பவருக்கும் இப்படி எந்த உரிமமும் கிடையாது. செய்த வேலையைக் காட்டினால் போதும். ஆகவே கட்டடக்கலை படித்தவர் மற்ற மூன்றுக்குள்ளும் நுழைந்துவிடலாம். அங்கிருந்து கட்டடக்கலைக்கு வர நினைப்பவர் ஏறக்குறைய முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

வரலாறும் இதையே காட்டுகிறது. டியோர் நிறுவனத்தின் ஆடைகளைப் பல ஆண்டுகள் வடிவமைத்த ஜியான்ஃபிராங்கோ ஃபெரே 1969-இல் மிலான் பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலைப் பட்டம் பெற்றவர். ஆடை வடிவமைப்பாளர் டாம் ஃபோர்டு படித்ததும் கட்டடக்கலைதான். ஸாஹா ஹதீத் பெய்ரூட்டில் கணிதம் படித்துவிட்டு 1972-இல் லண்டனில் கட்டடக்கலைக்கு வந்தார். கட்டடக்கலையின் மிக உயரிய விருதாகக் கருதப்படும் பிரிட்ஸ்கர் பரிசை 2004-இல் பெற்ற முதல் பெண் அவர்தான். கட்டடங்களோடு காலணியும் மேசையும்கூட வடிவமைத்தார். எதிர்த் திசையில் வந்தவர்களும் உண்டு. ஐலீன் கிரே அரக்குப் பூச்சு வேலையிலும் அறைகலனிலும் தொடங்கி 1920-களின் பிற்பகுதியில் பிரான்ஸின் கடற்கரையில் ஒரு வீடு கட்டினார். சுவிஸ் கட்டடக்கலைஞர் பீட்டர் ஸும்தோர் முதலில் தச்சுப் பயிற்சி பெற்றவர். தடாவ் ஆண்டோ கல்லூரிக்கே போகாமல் கட்டடக்கலைஞரானார். இவர்களை ரசிக்கலாம், படிக்கலாம். ஆனால் பதினேழு வயதுப் பெண்ணின் படிப்புத் திட்டத்தை ஆண்டோவின் வாழ்க்கையை நம்பிப் போட வேண்டாம்.

அப்படியானால் எதற்கும் இருக்கட்டும் என்று கட்டடக்கலையிலேயே சேர்த்துவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். நான் அதை ஆதரிக்க மாட்டேன். அந்தப் படிப்பின் பெரும்பகுதி வெளித்தோற்றத்தைப் பற்றியது இல்லை. படிக்கட்டின் உயரம், தீ விபத்தில் வெளியேறும் வழி, மழைநீர் வடிகால், தூணின் பாரம், கட்டட விதிகள் என்று ஆண்டுக்கணக்கில் போகும். இவற்றில் ஆர்வமில்லாத பிள்ளை மூன்றாம் ஆண்டில் சோர்ந்துபோகும். அவள் வரைந்த வீட்டைக் காட்டி, உள்ளே எப்படி நுழைவது, கழிவறை எங்கே, மதியத்தில் வெயில் எந்தப் பக்கம் விழும் என்று கேட்டுப் பாருங்கள். உற்சாகமாக விடை தேட உட்கார்ந்தாள் என்றால் கட்டடக்கலையைத் தீவிரமாக யோசிக்கலாம். தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனால் விட்டுவிடுங்கள்.

மற்ற மூன்றுக்கும் அவகாசம் இருக்கிறது என்றேன். பல வடிவமைப்புக் கல்லூரிகளில் முதலாண்டு எல்லோருக்கும் பொதுவானது. நிறம், பொருள், உருவம், கைவேலை என்று அடிப்படைகளைப் பழக்குவார்கள். 1919-இல் ஜெர்மனியின் வைமர் நகரில் வால்டர் க்ரோப்பியஸ் தொடங்கிய பௌஹவுஸ் பள்ளியில், யோஹன்னஸ் இட்டன் நடத்திய ஆயத்த வகுப்பின் வழிவந்த முறை இது. நாஜிகளின் நெருக்குதலால் அந்தப் பள்ளி 1933-இல் மூடப்பட்டது. அதன் முதலாண்டு மட்டும் உலகெங்கும் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. இப்படிப் பொது முதலாண்டு உள்ள கல்லூரிகளையே முதலில் பாருங்கள். முதல் நாளிலேயே துறையைப் பூட்டிவிடும் கல்லூரிகள் உங்கள் மகளைப் போன்றவர்களுக்கு ஒத்துவராது.

அந்த ஆண்டில் அவள் தன்னைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவற்றுள் முதன்மையானது, எவ்வளவு காலம் காத்திருக்க முடியும் என்பது. ஃபேஷன் துறையில் பருவத்துக்குப் பருவம் புதிய தொகுப்பு வந்தாக வேண்டும். இன்று வரைந்தது சில மாதங்களில் ஓர் உடம்பின் மேல் இருக்கும், அடுத்த சில மாதங்களில் தள்ளுபடி விலைக்கு வந்துவிடும். கார் அப்படியில்லை. முதல் ஸ்கெட்சிலிருந்து சாலைக்கு வர மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் சாதாரணம். அதற்குள் எண்ணற்ற ஸ்கெட்சுகள் குப்பைக்குப் போயிருக்கும். வெளிவந்த காரில் அவளுடையது என்று சொல்ல ஒரு கதவுக் கைப்பிடி மட்டும் மிஞ்சலாம். அதில் நிறைவு காணும் மனம் சிலருக்கு உண்டு, சிலருக்குக் கடைசிவரை வராது. இதில் உயர்வு தாழ்வு எதுவும் இல்லை. அறைகலன் இந்த இரண்டுக்கும் இடையில் நிற்கிறது.

காரைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பிள்ளைகளின் கனவுக்கும் அன்றாட வேலைக்கும் இடைவெளி அதிகம். கார் வடிவமைப்பாளரிடம் யாரும் வெற்றுத்தாளைக் கொடுப்பதில்லை. ஓட்டுநரின் கண் எந்த உயரத்தில் இருக்க வேண்டும், சக்கரம் எங்கே, விளக்கு எந்த உயர வரம்புக்குள், மோதப்பட்ட பாதசாரியின் தலை விழும் இடத்தில் பானெட்டுக்கும் கீழே உள்ள இயந்திரத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்று எல்லாம் பொறியாளர்களும் சட்டமும் முன்பே குறித்துவைத்த புள்ளிகள். அந்தப் புள்ளிகளுக்கு நடுவே அழகைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் 1927-இல் ஹார்லி ஏர்ல் தலைமையில் கலை, வண்ணப் பிரிவு தொடங்கியபோது களிமண் மாதிரிகளும் பழக்கத்துக்கு வந்தன. கணினி வந்த பிறகும் பல ஸ்டுடியோக்கள் முழு அளவுக் களிமண் காரை இன்றும் செய்கின்றன. உலோகத் தகட்டின் மேல் ஒளி வழுக்கிப்போகும் கோடு ஓரிடத்தில் முறிந்தாலும் கண் கண்டுபிடித்துவிடும். திரையில் தப்பிவிடும் பிழை களிமண்ணில் தப்பாது.

மின்சாரக் கார்கள் இந்தக் கணக்கைக் கலைத்துப் போட்டிருக்கின்றன. பேட்டரி தரைக்கு அடியில் போய்விட்டது, முன்னால் பெரிய எஞ்சின் இல்லை. சக்கரங்களை முனைகளை நோக்கித் தள்ளலாம், உள்ளே கால் நீட்ட இடம் கிடைக்கிறது. ஆனால் தரை உயர்கிறது, அதனால் காரின் பக்கவாட்டுத் தோற்றம் தடித்துவிடுகிறது. வெளித்தோற்றத்தில் வேறுபாடு காட்டுவது கடினமாகிவிட்டதால் நிறுவனங்களின் கவனம் உள்ளறைக்கு நகர்கிறது. அங்கே இருக்கை, துணி, தையல், மெல்லிய மரத்தகடு, விளக்கொளி, திரை எல்லாம் ஒன்றுகூடுகின்றன. நிறம், பொருள், மேற்பூச்சு ஆகியவற்றை மட்டும் பார்த்துக்கொள்ளத் தனி வடிவமைப்பாளர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் ஜவுளி, ஃபேஷன் படிப்புகளிலிருந்து வந்தவர்கள். மேலங்கியையும் காரையும் ஒரே நோட்டில் வரையும் பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எனக்குத் தோன்றவில்லை. என்னிடம் வரும் மாணவர்களில் பெரும்பாலோர் இப்படி ஒரு வேலை இருப்பதையே கேள்விப்பட்டதில்லை.

கசப்பான பக்கமும் உண்டு. கார் நிறுவனங்களின் ஸ்டுடியோக்கள் உலகிலேயே எண்ணிக்கையில் குறைவு, இடங்கள் அதைவிடக் குறைவு. பாசடீனாவின் ஆர்ட்சென்டர், லண்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட், கோவன்ட்ரி, ஜெர்மனியின் ஃபோர்ஸ்ஹைம், ஸ்வீடனின் உமியோ போன்ற புகழ்பெற்ற இடங்களில் படித்தவர்களோடு போட்டியிட வேண்டும். அதனால் கார் மட்டும் கற்றுத்தரும் படிப்பைவிட, தொழிற்பொருள் வடிவமைப்போடு சேர்த்து வாகனத்தையும் கற்றுத்தரும் படிப்பே இளநிலைக்கு நல்லது என்பது என் கருத்து. கார் கைவிட்டாலும் இருக்கை செய்யும் நிறுவனம், விளக்கு செய்யும் நிறுவனம், களிமண் அல்லது கணினி மாதிரி செய்யும் வேலை, ரயில், மிதிவண்டி என்று பக்கத்துக் கதவுகள் திறந்திருக்கும்.

அறைகலனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெயர் பெற்ற நாற்காலிகள் பெரும்பாலும் வேறு துறையிலிருந்து வந்த ஒரு பொருளால் பிறந்தவை. மார்செல் ப்ராயர் தன் மிதிவண்டியின் கைப்பிடியைப் பார்த்து 1925-இல் எஃகுக் குழாய் நாற்காலிக்கு வந்தார். சார்ல்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படைக்காக ஒட்டுப்பலகையை வளைத்து, அடிபட்ட காலை அசையாமல் பிடிக்கும் கட்டைகள் செய்தார்கள். அந்தக் கைத்திறன்தான் போருக்குப் பின் நாற்காலியாயிற்று. அன்றாட வேலைவாய்ப்பு இத்தகைய புகழ்பெற்ற நாற்காலிகளில் இல்லை. அலுவலகம், மருத்துவமனை, பள்ளி ஆகியவற்றுக்கான அறைகலன்கள், பிரித்து அட்டைப்பெட்டியில் அடக்கும் முறைகள், ஆயிரக்கணக்கான தடவை அழுத்திப் பார்க்கும் சோதனைகள் என்றுதான் இருக்கிறது. கைவேலை பிடித்தவர்களுக்கு இது நிம்மதியான துறை.

ஃபேஷனில் சேரும் பலர் வரைவதுதான் வேலை என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். தட்டையான துணியை உருண்ட உடம்புக்கு வெட்டும் பேட்டர்ன் வேலைதான் அதன் முதுகெலும்பு. அதோடு அளவு மாற்றுதல், துணியின் குணம் அறிதல், தொழிற்சாலைக்கு அனுப்பும் விவரத்தாள், அடக்க விலை ஆகியவையும் உண்டு. தொடக்கச் சம்பளம் பல இடங்களில் குறைவு, ஊதியமில்லாப் பயிற்சி என்ற பெயரில் உழைப்பைச் சுரண்டுவதும் நடக்கிறது. இதை மறைக்க மாட்டேன். ஆனால் இங்கே கற்கும் திறமைகள் எல்லை தாண்டிப் போகின்றன. பின்னலாடைத் தொழில்நுட்பத்தில் ஓடுகாலணியின் மேற்பகுதியைப் பின்னி நைக்கி நிறுவனம் 2012-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதே திறமையை நாற்காலி முதுகிலும் கார் இருக்கையிலும் காணலாம். ஆடை வடிவமைப்பாளர் ஐரிஸ் வான் ஹெர்பன் 2010-இல் முப்பரிமாண அச்சில் ஆடை செய்தபோது அவருடன் சேர்ந்து வேலை செய்தவர், கட்டடக்கலை படித்த டேனியல் விட்ரிக்.

இனி அப்பாவுக்கான பதில். பொறியியல் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவரிடம் வர்ஜில் அப்லோவைப் பற்றிச் சொல்லுங்கள். கட்டுமானப் பொறியியலில் இளநிலை, சிகாகோவில் கட்டடக்கலையில் முதுநிலை, 2018-இல் லூயி வித்தோன் நிறுவனத்தின் ஆண்கள் ஆடைப் பிரிவுக்குக் கலை இயக்குநர், 2019-இல் ஐகியாவுக்கு அறைகலன், 2020-இல் மெர்சிடிஸ் ஜி-கிளாஸ் காரை மாற்றி வடிவமைத்த ஒரு திட்டம். 2021-இல் 41 வயதில் மறைந்தார். நான்கு துறைகளையும் தொட்ட மனிதர் பொறியியலில்தான் தொடங்கினார். மகளுக்குக் கணிதமும் பொருளைப் பிரித்துப் பார்க்கும் ஆசையும் உண்மையாகவே இருந்தால் பொறியியலில் இளநிலையும் வடிவமைப்பில் முதுநிலையும் நல்ல வழிதான். ‘பொழுதுபோக்கு’ என்ற இடத்தில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. முதுநிலைச் சேர்க்கையில் பெரும்பாலும் போர்ட்ஃபோலியோ, அதாவது சொந்தப் படைப்புகளின் தொகுப்பு, கேட்பார்கள். நான்கு ஆண்டுகள் ஓய்வு நேரத்தில் மட்டும் வரைந்த கை அந்த வரிசையில் பின்தங்கிவிடும். பொறியியல்தான் என்று முடிவானால், வாரத்தில் சில மணி நேரம் வடிவமைப்புக்கென்று ஒதுக்கப்பட வேண்டும், அதை வீட்டில் யாரும் கேலி செய்யக் கூடாது.

செயற்கை நுண்ணறிவு எல்லாப் படத்தையும் வரைந்துவிடுமே என்றும் எழுதியிருந்தீர்கள். பளபளப்பான காரின் படம் இன்று நொடியில் கிடைக்கிறது, உண்மைதான். அத்தகைய படம் வரைவதையே தொழிலாக நம்பியிருந்தால் கவலைப்பட வேண்டும். அந்தத் துணி நான்காவது சலவையில் என்னவாகும், அந்த வளைவில் தகடு கிழியுமா, அந்த நாற்காலியில் முதியவர் எழுந்திருக்க முடியுமா என்று தெரிந்தவரின் தேவை குறையவில்லை. மென்பொருளின் பெயர்களைப் பட்டியலிட்டு ஈர்க்கும் கல்லூரியிலும் எச்சரிக்கையாக இருங்கள். விமானங்களுக்காக உருவான கேட்டியா மென்பொருளைக் கொண்டு கட்டடக்கலைஞர் ஃபிராங்க் கெரி ஸ்பெயினில் பில்பாவோ அருங்காட்சியகத்தை எழுப்பினார், அது 1997-இல் திறக்கப்பட்டது. கருவி எங்கிருந்தும் வரலாம், காலப்போக்கில் மாறவும் செய்யும்.

கல்லூரியை நேரில் பார்க்கப் போகும்போது முகப்பில் மாட்டிய பரிசுப் படைப்புகளைக் கடந்து பட்டறைக்குப் போங்கள். மாலையில் அது திறந்திருக்குமா, இரண்டாம் ஆண்டு மாணவர் தானாக இயந்திரத்தைத் தொட அனுமதி உண்டா என்று கேளுங்கள். சென்ற ஆண்டு வகுப்பில் நடுத்தர மதிப்பெண் வாங்கிய ஒருவர் இன்று எங்கே வேலை செய்கிறார் என்றும் கேளுங்கள். முதலிடம் பெற்றவரின் கதையை அவர்களே சொல்வார்கள்.

மகளுக்கு இந்த மாதத்துக்கு ஒரு வேலை தருகிறேன். வீட்டில் உள்ள நாற்காலி ஒன்றை அளந்து, குறுக்கே வெட்டிப் பார்த்தது போல வரையட்டும். பிறகு அட்டைப்பெட்டிகளை வெட்டி, பசையோ ஆணியோ இல்லாமல், தன் எடையைத் தாங்கும் ஓர் இருக்கை செய்யட்டும். அட்டை தாங்கும், கவலை வேண்டாம். கெரியே 1972-இல் நெளிவு நெளிவான அட்டை நாற்காலி ஒன்றைச் செய்திருக்கிறார். மேலே ஓர் உறையும் தைத்துப் போட்டால் இன்னும் நல்லது. முதல் இரண்டு முயற்சிகள் அநேகமாக நசுங்கும். அவற்றையும் படம் எடுத்து, எங்கே மடிந்தது, ஏன் மடிந்தது என்று பக்கத்திலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள். போர்ட்ஃபோலியோவின் முதல் பக்கங்கள் அவைதான். நோட்டில் உள்ள பளபளப்பான கார்களில் இரண்டு மட்டும் போதும், மற்றவற்றை எடுத்துவிடலாம்.